கோசாம்பியில் மிச்சம் வைத்த தண்ணீர்



பத்து நாளாக இந்தப் பக்கத்தில் நான் எதுவும் எழுதவில்லை. காரணம் உறவினர்களுக்குத் தெரியும். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. பெரியவர் ஒருவர் இறந்து ஆண்டு முடியாத வீட்டில் கல்யாணம் வைக்கலாமா, வருஷத் திதி கழித்துத்தான் வைக்க வேண்டுமா என்று ஆரம்பித்தது. ஒரு பக்கம் "முறை தெரியாதவர்கள்" என்றார்கள். மறுபக்கம் "மூடநம்பிக்கைக் கூட்டம்" என்றார்கள். மூன்றாம் நாள் நான்கு பேர் குழுவை விட்டு வெளியேறினார்கள். இதில் ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். கல்யாணப் பெண்ணும் அந்தக் குழுவில்தான் இருக்கிறாள். அவள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

யார் பக்கம் நியாயம் என்று என்னிடம் தனித்தனியாகக் கேட்டவர்கள் ஆறு பேர். நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பழைய வரலாறு சொல்கிறேன். நான் ஆராய்ச்சியாளர் அல்ல. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தியவள். ஓய்வுக்குப் பிறகு கிளை நூலகத்தில் உட்கார்ந்து படித்ததை வகுப்பில் சொல்வது போலச் சொல்கிறேன்.

சுமார் 2500 ஆண்டுகளுக்கு முந்தைய கதை. இடம் கோசாம்பி. யமுனைக் கரையில் இருந்த பெரிய நகரம், வத்தவ நாட்டின் தலைநகர். கொங்குவேளிரின் பெருங்கதையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு உதயணன் பெயர் தெரியும். அந்த உதயணனின் ஊர்தான் இது. இன்றைய பிரயாக்ராஜிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். கோசிதர் என்ற வணிகர் புத்தருக்கும் துறவிகளுக்கும் அங்கே ஒரு விகாரம் கட்டிக் கொடுத்தார். அதன் பெயர் கோசிதாராமம். இதெல்லாம் வெறும் கதை என்று நினைத்துவிடாதீர்கள். 1949 முதல் அலகாபாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி.ஆர்.சர்மா அங்கே அகழாய்வு நடத்தினார். விகாரத்தின் இடிபாடுகள் கிடைத்தன. கோசிதாராமம் என்ற பெயரைச் சொல்லும் கல்வெட்டும் கிடைத்தது.

அந்த விகாரத்தில் இரண்டு மூத்த துறவிகள் இருந்தார்கள். ஒருவர் வினயதரர், அதாவது துறவிகளுக்கான ஒழுங்கு விதிகளைக் கரைத்துக் குடித்தவர். மற்றவர் தம்மகதிகர், அறவுரை சொல்வதில் வல்லவர். இருவருக்கும் ஏராளமான மாணவர்கள்.

ஒருநாள் அறவுரைக்காரர் கழிப்பிடத்துக்குப் போனார். கழுவிக்கொள்ள வைத்திருந்த பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரை மிச்சம் வைத்துவிட்டு வந்தார். அப்படி மிச்சம் வைக்கக் கூடாது என்று விதி உண்டு. பல பேர் புழங்கும் இடத்தில் தேவையான சின்ன ஒழுங்குதான். அடுத்து உள்ளே போன விதிக்காரர் அதைப் பார்த்தார். "தண்ணீரை மிச்சம் வைத்தது நீங்களா? அது குற்றம் என்று தெரியாதா?" என்று கேட்டார். "தெரியாது. குற்றம் என்றால் ஒப்புக்கொள்கிறேன்" என்றார் அவர். "தெரியாமல் செய்தது என்றால் குற்றமில்லை" என்றார் இவர்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. விதிக்காரர் தன் மாணவர்களிடம் போய், "அந்த ஆள் குற்றம் செய்கிறார், செய்தது குற்றம் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை" என்று சொன்னார். அந்த மாணவர்கள் எதிரணி மாணவர்களைச் சீண்டினார்கள். செய்தி அறவுரைக்காரர் காதுக்கு வந்தது. "முதலில் குற்றமில்லை என்றார். இப்போது குற்றம் என்கிறார். அவர்தான் பொய்யர்" என்றார் அவர். இப்போது இவருடைய மாணவர்கள் அவருடைய மாணவர்களைச் சீண்டினார்கள். கடைசியில் விதிக்காரரின் அணி கூடி, அறவுரைக்காரர் தன் குற்றத்தை ஏற்க மறுக்கிறார் என்று சொல்லி அவரைச் சங்கத்திலிருந்து தள்ளிவைத்தது. சங்கம் இரண்டாக உடைந்தது. அவர்களுக்கு ஆதரவான ஊர்மக்களும் இரண்டு பட்டார்கள் என்கிறது பழைய உரை.

பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள், கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்கள் எல்லாருக்கும் இந்த வரிசை பழக்கமானதுதானே? ஒரு செய்கை. அதைப் பற்றி ஒரு பேச்சு. அந்தப் பேச்சைப் பற்றி இன்னொரு பேச்சு. மூன்றாம் சுற்றில் தண்ணீர் எல்லாருக்கும் மறந்துவிடும்.

புத்தர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். அவர் நினைத்திருந்தால் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். விதியே அவர் வகுத்ததுதான். ஆனால் அவர் முதலில் தள்ளிவைத்தவர்களிடம் போனார். உங்களுக்குச் சரி என்று தோன்றிவிட்டது என்பதற்காகவே ஒருவரைத் தள்ளிவைக்காதீர்கள், பிளவு வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள் என்ற பொருளில் பேசினார். பிறகு தள்ளிவைக்கப்பட்டவர் பக்கத்துக்குப் போனார். குற்றமில்லை என்று உங்களுக்குத் தோன்றினாலும், பிளவின் ஆபத்தை எண்ணி, மற்றவர்கள் மேல் நம்பிக்கை வைத்து ஒப்புக்கொள்ளுங்கள் என்றார். ஒவ்வொரு பக்கத்துக்கும் அந்தந்தப் பக்கம் விட்டுக்கொடுக்க வேண்டியதை மட்டும் சொன்னார். நாம் சமாதானம் பேசப் போனால் என்ன செய்கிறோம்? எதிரணியின் தவறை இந்தப் பக்கம் எடுத்துச் சொல்லி ஆறுதல் தருகிறோம்.

அவர்கள் கேட்கவில்லை. உணவுக் கூடத்தில் கைகலப்பு வரை போனது. மறுபடி புத்தர் வந்து பேசியபோது, ஒரு துறவி எழுந்து, நீங்கள் அமைதியாக ஓய்வெடுங்கள், இந்தச் சண்டையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அவரிடமே சொல்லிவிட்டார்! பகையை வளர்க்காமல் விட்ட தீகாவு என்ற இளவரசனின் கதையைக்கூடப் புத்தர் சொல்லிப் பார்த்தார். தன் பெற்றோரைக் கொன்ற காசி மன்னன் தன் மடியில் தலைவைத்துத் தூங்கியபோதும், உருவிய வாளை உறையில் போட்டவன் அந்த இளவரசன். அந்தக் கதையும் எடுபடவில்லை.

புத்தர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினார். யாரையும் திட்டவில்லை, யாரையும் அழைத்துக்கொள்ளவுமில்லை.

போகும் வழியில் ஒரு வனத்தில் அனுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்ற மூன்று துறவிகள் தங்கியிருந்தார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று புத்தர் விசாரித்தார். பாலும் தண்ணீரும் கலந்தது போல இருக்கிறோம் என்றார்கள். எப்படி முடிகிறது என்று கேட்டார். அவர்கள் பெரிய தத்துவம் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் நடப்பதைச் சொன்னார்கள். பிச்சை ஏற்றுவிட்டு முதலில் திரும்புகிறவர் இருக்கை போட்டு, தண்ணீர் எடுத்து வைப்பார். கடைசியில் வருகிறவர் எல்லாவற்றையும் கழுவி, இடத்தைப் பெருக்குவார். குடிக்கிற தண்ணீர்ப் பானையோ, கழுவுகிற தண்ணீர்ப் பானையோ, கழிப்பிடத்துப் பானையோ காலியாக இருந்தால், யார் கண்ணில் படுகிறதோ அவர் நிரப்பி வைப்பார். தூக்க முடியாத கனம் என்றால், பேச்சுக் கொடுக்காமல் கையசைத்து இன்னொருவரைக் கூப்பிடுவார்.

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கவனித்தீர்களா? கோசாம்பியில் சண்டை வந்ததும் கழிப்பிடத்துத் தண்ணீரால்தான். இங்கே ஒற்றுமை நிற்பதும் அதே கழிப்பிடத்துத் தண்ணீரில்தான். அங்கே "யார் மிச்சம் வைத்தது?" என்று கேட்டார்கள். இங்கே "காலியாக இருக்கிறதா?" என்று பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் ஒரே ஒழுக்கம், ஒரே குருவின் மாணவர்கள்.

பிறகு புத்தர் பாரிலேய்யகம் என்ற காட்டில் தங்கினார். அங்கே ஒரு யானை அவருக்குப் பணிவிடை செய்தது என்கிறார்கள். இதற்கிடையில் கோசாம்பி மக்களுக்கு விஷயம் புரிந்தது. "இவர்களால்தான் புத்தர் ஊரை விட்டுப் போனார்" என்று முடிவு செய்தார்கள். துறவிகளைக் கண்டால் வணங்குவதில்லை, பிச்சை போடுவதுமில்லை. அறவுரையால் ஆகாதது வெறும் பாத்திரத்தால் ஆயிற்று. துறவிகள் புத்தரைத் தேடிச் சாவத்திக்குப் போனார்கள். அங்கேயும் புத்தர் யாரையும் விலக்கவில்லை. இரண்டு பக்கத்தாருக்கும் உணவு கொடுங்கள், இரண்டு பக்கத்தார் பேச்சையும் கேளுங்கள் என்று மக்களிடம் சொன்னார். கடைசியில் தள்ளிவைக்கப்பட்டவரே தனியாக யோசித்துப் பார்த்து, "நான் செய்தது குற்றம்தான்" என்று ஒப்புக்கொண்டார். சங்கம் மறுபடி ஒன்றானது.

இப்போது கொஞ்சம் பாடம்.

மணிமேகலைக் காப்பியம் பௌத்த அறத்தை நம் தமிழிலேயே சொல்கிறது. உ.வே.சாமிநாதையர் 1898இல் அதைப் பதிப்பித்தார். தீவினை பத்து என்று அது கணக்கிடுகிறது. உடம்பால் செய்வது மூன்று: கொலை, களவு, தகாத காமம். நாக்கால் செய்வது நான்கு: பொய், கோள், கடுஞ்சொல், பயனில்லாத பேச்சு. மனத்தால் செய்வது மூன்று: பிறர் பொருளுக்கு ஆசைப்படுதல், கோபம், தவறான காட்சி. கோசாம்பித் துறவிகள் யாரையும் கொல்லவில்லை, திருடவில்லை. ஆனால் ஒரு சின்ன விதியைக் காப்பாற்றப் போய், நாக்கால் செய்யும் தீமைகளில் பெரும்பாலானவற்றைச் செய்துவிட்டார்கள். கோபம் தனிக் கணக்கு.

இது எப்படி நடக்கிறது? பௌத்தம் இதற்கு வைத்த பெயர் பற்று. வேட்கையிலிருந்து பற்று பிறக்கிறது என்பது அவர்கள் கணக்கு. பற்று என்றதும் நமக்கு நகை, நிலம், பிள்ளைப் பாசம்தான் நினைவுக்கு வரும். புத்தர் நான்கு பற்றுகளைச் சொன்னார். புலன் இன்பத்தின் மேல் உள்ள பற்று ஒன்று. கருத்தின் மேல் உள்ள பற்று இரண்டாவது. சீலம், விரதம் ஆகியவற்றின் மேல் உள்ள பற்று மூன்றாவது. 'நான்' என்ற கொள்கையின் மேல் உள்ள பற்று நான்காவது. ஒழுக்கத்தை இவ்வளவு வற்புறுத்தியவர், ஒழுக்கத்தின் மேல் உள்ள பற்றையும் கட்டு என்று சொல்லியிருக்கிறார் பாருங்கள்.

ஒழுக்கம் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். ஐந்து சீலங்களில் ஒன்றையும் அவர் தளர்த்தவில்லை. இந்தச் சடங்கை, இந்த விரதத்தைப் பிடித்துக்கொண்டாலே போதும், நான் தூய்மையாகிவிடுவேன் என்ற நம்பிக்கையைத்தான் மறுத்தார். அந்தக் காலத்தில் சேனியர் என்ற ஒரு தவசி இருந்தார். நாய் போலத் தரையில் போட்டதைத் தின்று, நாய் போலச் சுருண்டு படுத்து, அதையே விரதமாகச் செய்து வந்தார். இதனால் என்ன கிடைக்கும் என்று புத்தரிடம் கேட்டபோது, புத்தர் பதில் சொல்லத் தயங்கினார். மீண்டும் மீண்டும் கேட்ட பிறகு, இதை முழுமையாகச் செய்தால் நாயாகத்தான் பிறப்பார் என்றார். சேனியர் அழுதுவிட்டார். இத்தனை காலம் செய்துவிட்டோமே என்ற அழுகை அது. புத்தருக்கும் அந்த வலி தெரியும். உருவேலாவில் பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாகி, இது வழியல்ல என்று கண்டு சோறு உண்டவர் அவர். அன்று அவரோடு இருந்த ஐந்து பேர், விரதத்தை முறித்துவிட்டார் என்று கோபித்து விலகிப் போனார்கள்.

தன் போதனையையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆற்றைக் கடக்கத் தெப்பம் கட்டியவன், கரையேறிய பிறகு அதைத் தலையில் சுமந்துகொண்டு நடப்பானா என்று கேட்டார். தெப்பம் கடப்பதற்கு, சுமப்பதற்கு அல்ல என்றார்.

இதையெல்லாம் கேட்ட பிறகு சங்கம் திருந்திவிட்டதா? வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கடைசி நாட்களில் புத்தர் ஆனந்தரிடம், சங்கம் விரும்பினால் சின்னச் சின்ன விதிகளை நீக்கிக்கொள்ளலாம் என்றார். எவை சின்ன விதிகள் என்று ஆனந்தர் கேட்க மறந்துவிட்டார். புத்தர் மறைந்த பின் ராஜகிருகத்தில் கூடிய முதல் சங்கத்தில், எது சின்னது என்பதில் ஒருமித்த கருத்து வரவில்லை. ஒன்றையும் நீக்குவதில்லை என்று முடிவாயிற்று. கேட்க மறந்ததற்காக ஆனந்தருக்குக் கண்டனமும் கிடைத்தது. சுமார் நூறு ஆண்டு கழித்து வைசாலியில் பத்து விஷயங்களுக்காக மறுபடி தகராறு. கொம்பில் உப்பு வைத்துக்கொள்ளலாமா என்பது அவற்றில் ஒன்று. பொன், வெள்ளி வாங்கலாமா என்பதும் ஒன்று. பின்னது சின்ன விஷயம் இல்லைதான். எல்லா விதியும் வீண் என்று நான் சொல்லவில்லை.

அதற்கும் பின்னால், கி.மு. 3ஆம் நூற்றாண்டில், அசோகர் ஒரு தூணில் ஆணை பொறித்தார். சங்கத்தைப் பிளக்கிற துறவிக்கு வெள்ளாடை உடுத்தி, விகாரத்துக்கு வெளியே குடியிருக்கச் செய்ய வேண்டும் என்பது அந்த ஆணை. அது எந்த ஊர் அதிகாரிகளுக்கு எழுதப்பட்டது தெரியுமா? கோசாம்பி அதிகாரிகளுக்கு! அந்தத் தூண் இன்று அலகாபாத் கோட்டைக்குள் நிற்கிறது. சமுத்திரகுப்தரின் புகழ்பெற்ற கல்வெட்டு இருப்பதும் இதே தூணில்தான். இதே போன்ற ஆணை சாஞ்சியிலும் சாரநாத்திலும் உண்டு. அரசரே தலையிட வேண்டிய அளவுக்குப் பிளவு இருந்திருக்கிறது. அதே அசோகர் தம் 12ஆம் பாறைக் கல்வெட்டில், தன் சமயத்தைப் புகழ்ந்து பிறர் சமயத்தை இகழ்கிறவன் தன் சமயத்துக்கே கேடு செய்கிறான் என்றும், நாக்கை அடக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

சரி, ஊர்க்கதை போதும். என் கதை ஒன்று சொல்ல வேண்டும். பழைய மாணவர்களில் சிலருக்கு நினைவிருக்கலாம்.

ஒரு காலத்தில் நம் பள்ளியில் பிரார்த்தனை மணி அடித்ததும் கதவைச் சாத்துவார்கள். தாமதமாக வந்தவர்கள் முதல் பாடவேளை முடியும்வரை வெளியே நிற்க வேண்டும். அந்த விதியைக் கொண்டுவந்தவள் நான்தான். என் ஏழாம் வகுப்பில் ஒரு பையன். வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டு வருவான். அடிக்கடி வெளியே நிற்பான். உடன் வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் அவனைப் பின்வாசல் வழியாக உள்ளே விட்டார். எனக்கு வந்ததே கோபம்! முதல் மணிக்குச் சாத்துவதா, இரண்டாம் மணிக்குச் சாத்துவதா என்று ஆசிரியர் அறையில் விவாதம். யார் யாரிடம் கேட்டு யார் விட்டது என்று அடுத்த விவாதம். அறை இரண்டானது. டீ குடிப்பதுகூடத் தனித்தனியாக.

இது இரண்டு வாரம் நடந்தது. அதில் ஒன்பது நாள் அந்தப் பையன் பள்ளிக்கே வரவில்லை. வருகைப் பதிவேட்டில் தினமும் அவன் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று குறித்தது என் கைதான். பேனா ஓடியது. மனசு மணியிலேயே நின்றது.

பத்தாம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டிருந்தான். அவனுடைய அம்மா சொன்னார்: "நேத்து இன்னொரு டீச்சரும் வந்தாங்க. ரெண்டு பேரும் முன்னாடியே சேந்து வந்திருக்கலாமே டீச்சர்."

அவன் திரும்பி வரவில்லை.

அந்த ஆசிரியை இந்தப் பக்கத்தைப் படிப்பவர்தான். டீச்சர், கதவைச் சாத்தியது தவறு என்று இன்றும் முழு மனத்தோடு என்னால் சொல்ல முடியவில்லை. அந்த விதியால் நேரத்துக்கு வரப் பழகிய பிள்ளைகளும் உண்டு. ஆனால் முதல் நாளே நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவன் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அதை உங்களிடம் இத்தனை வருடமாக நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். தம்பி, நீ எங்கே இருந்தாலும் உன்னிடமும் சொல்கிறேன்.

விதி தவறு என்பதோ, விதியைக் காப்பாற்றியவள் கெட்டவள் என்பதோ அல்ல நான் சொல்ல வருவது. விதி யாருக்காக வந்ததோ அவர் முகம் நம் கண்ணிலிருந்து மறைந்துவிட்டால், நாம் பிடித்திருப்பது விதியை அல்ல, 'நான் சொன்னதுதான் சரி' என்பதை. அது கையில் இருக்கும்போது ஒழுக்கம் போலவே தெரியும். அதுதான் ஆபத்து.

உறவினர்களே, ஆண்டு முடியாமல் கல்யாணம் கூடாது என்பவர்கள் இறந்தவர் மேல் உள்ள மரியாதையில்தான் சொல்கிறீர்கள். வைக்கலாம் என்பவர்கள் உயிரோடு இருப்பவர்கள் மேல் உள்ள அன்பில்தான் சொல்கிறீர்கள். இரண்டும் எனக்குத் தெரியும். என் அபிப்பிராயம் என்று ஒன்று உண்டு. அதை இங்கே வைக்கப் போவதில்லை. வைத்தால் ஏழாவது ஆளாக நானும் ஒரு பக்கம் போய் நிற்பேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கல்யாணப் பெண்ணிடம் உனக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா? அவளை நேற்று மாலை நான் கூப்பிட்டேன். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எந்தத் தேதியா இருந்தாலும் சரி அத்தை, எல்லாரும் வந்தாப் போதும்" என்றாள்.

குழுவை விட்டுப் போன நான்கு பேரையும் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறேன். தங்கிவிட்டவர்களும் வரலாம். இரண்டு பக்கத்துக்கும் சோறு உண்டு. தேதியைப் பற்றிச் சாப்பிட்ட பிறகு பேசலாம். முதலில் வருகிறவர்கள் இலை போடட்டும், கடைசியில் வருகிறவர்கள் இடத்தைப் பெருக்கட்டும். தண்ணீர்க் குடம் காலியாக இருந்தால், பார்க்கிறவர்கள் நிரப்பி வைக்கட்டும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் இப்படி ஒரு தண்ணீர்ப் பாத்திரம் இருக்கும். நேரம் கிடைக்கும்போது போய்ப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்